உடையவென்றே ஒரு போல்ட்

நாவுல பக்கம் யாராவது காணி வாங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டால் மற்றவர்கள் தண்ணீர் உண்டா, பாதை உண்டா என்று விசாரிப்பார்கள். எனக்குக் கினிப்புல் ஞாபகம்தான் வரும். மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ9 வீதியில் நாலந்தையைத் தாண்டினால் இரண்டு பக்கமும் அதுதான். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த புல். வேலியோரம், ரோட்டோரம், கைவிட்ட சேனை என்று எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டுவிட்டது. ஐப்பசி மழை நாலு நாள் விழுந்தால் முழங்கால் உயரம்; மார்கழி முடிவதற்குள் ஆளை மறைக்கும். பூத்து நிற்கும்போது அழகாகத்தான் இருக்கும், அடுத்தவர் காணியில் நின்றால்.

எங்கள் காணி அப்பா வாங்கியது. தென்னை, நடுவில் கிளிசீரியா மரங்களில் ஏற்றிய மிளகு. மாத்தளையில் மிளகு வைத்திருப்பது பெருமைப்படும் விஷயமில்லை. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையமே இங்கேதான் இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு காணி என் பேருக்கு வந்தது, ஆனால் நான் அங்கே போகவில்லை. டவுனில் பள்ளிக்கூடம், பின்னேரம் டியூஷன். கணக்கு வாத்தியார். லீவுக்குப் போய்த் தேங்காய்க் கணக்கு எழுதிவிட்டு வருவேன்.

புல்லைப் பார்த்துக்கொண்டது கொஞ்சம் தள்ளிக் குடியிருக்கும் ஒரு அக்கா. அப்பா காலத்திலிருந்தே கத்தியோடு வருவார். ஒரே மூச்சில் வெட்டித் தள்ளுவதில்லை. இன்றைக்கு இந்த மூலை, நாளைக்கு அந்த மூலை. வெட்டியதைக் கட்டாகக் கட்டித் தன் இரண்டு மாடுகளுக்குக் கொண்டுபோவார். கூலி தனி, புல் அவருடையது. முத்துமாரியம்மன் தேருக்கு, அதாவது மாசி மகத்துக்கு முன்னால், முழுக் காணியையும் ஒரு சுற்று முடித்துவிட வேண்டும் என்பது அப்பா போட்ட ஒப்பந்தம். பேப்பரில் எழுதியதல்ல.

நடுவில் சில வருஷம் நான் மருந்தடித்தேன். 2015 இல் கிளைபோசேட்டை நாடு முழுக்கத் தடை செய்தார்கள். 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திறந்துவிட்டார்கள். தென்னைக்காரனையும் மிளகுக்காரனையும் யாரும் நினைக்கவில்லை. ஆகவே மறுபடியும் அக்காதான். அவருக்கும் வயது போய்க்கொண்டிருந்தது, நாட்கூலியும் ஏறிக்கொண்டிருந்தது. பென்ஷன் எடுத்த பிறகு ஒரு கொப்பியைத் திறந்து கணக்குப் போட்டேன். ஒரு பக்கம் அக்காவின் கூலி, இன்னொரு பக்கம் ட்ரக்டர். மூன்றாம் வருஷம் ட்ரக்டர் வென்றது. அக்கா கொண்டுபோகும் புல்லுக்கு அந்தக் கொப்பியில் வரி இல்லை. அவர் தலைக்குள் இருந்ததற்கும் இல்லை.

ஜப்பானில் ஓடிவிட்டு வந்த சின்ன நாலு சக்கர ட்ரக்டர், 18 குதிரைவலு. வயிற்றுக்கடியில் ஒரு புல்வெட்டியும் சேர்த்தே வந்தது. அதை ஒரு பரிசு மாதிரி நினைத்துச் சந்தோஷப்பட்டேன். யூடியூபில் வெள்ளைக்காரர்கள் மைதானம் மாதிரியான புல்வெளியில் ஒரு கையால் ஸ்டீரிங் பிடித்துக்கொண்டு வெட்டுவதை இரவிரவாகப் பார்த்திருந்தேன். அவர்கள் வெட்டியது கணுக்காலுக்குக் கீழே நின்ற புல் என்பதை அப்போது கவனிக்கவில்லை.

நெஞ்சு உயரத்தில் நின்ற கினிப்புல்லுக்குள் வண்டியை விட்டேன். புல் வெட்டுப்படவில்லை, படுத்தது. புல்வெட்டித் தட்டின் முன்விளிம்பு அதை மடக்கித் தரையோடு அமுக்க, கத்தி மேலே வெறும் காற்றில் சுற்றியது. வண்டி தாண்டிப் போனதும் ஒவ்வொரு தாளாக எழுந்து நின்றது. வெட்டுப்பட்ட கொஞ்சமும் வெளியே போக வழியில்லாமல் தட்டுக்குள் ஈரமாக அடைத்து, பெல்ட் கருகி, புகை வந்தது. பக்கத்துக் காணிப் பையன் ஒருவன் வேலியில் சாய்ந்து நின்று கடைசிவரை பார்த்தான். சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

பிறகுதான் வாசித்தேன். புல்வெளி வெட்டும் இயந்திரத்தை 1830 இல் இங்கிலாந்தில் எட்வின் படிங் என்பவர் செய்தார். கம்பளி ஆலையில் துணியின் மேல் நிற்கும் நூல் பிசிறை ஒரே மட்டமாக நறுக்கும் இயந்திரத்தைப் பார்த்து வந்த யோசனை. அவருக்குப் பின் கத்தியின் அமைப்பு எத்தனையோ மாறிவிட்டது, பிறவிக் குணம் மாறவில்லை. பிசிறு நறுக்கப் பிறந்த சாதனம் அது. அதைக் கொண்டுபோய்க் காட்டுக்குள் விட்டவன் நான்.

அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் வாத்தியார்களுக்கு ஒரு வியாதி உண்டு: முதல் விடை பிழைத்தால் கேள்வியைத் திரும்ப வாசிக்க மாட்டோம், இன்னும் பெரிய விடையாக எழுதுவோம். ட்ரக்டருக்குப் பின்னால் கொழுவும் ஸ்லாஷர் ஒன்றை வாங்கினேன். கனத்த இரும்புத் தட்டுக்கு அடியில் கீலில் தொங்கும் இரண்டு தடித்த கத்திகள். அவற்றில் கூர் என்று பெரிதாக இல்லை, வேகம்தான் வெட்டும். சுழலும்போது கத்தி நுனி மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். விற்றவர் நாலு அடியும் காட்டினார், ஐந்து அடியும் காட்டினார். ஐந்தை எடுத்தேன். ஒரு தடவைக்கு ஓரடி கூட வெட்டினால் டீசல் மிச்சம் என்று கணக்கு.

இப்படிப்பட்ட ஸ்லாஷருக்கு அடிக்கு ஐந்து குதிரைவலு என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. ஐயைந்து இருபத்தைந்து. என்னிடம் இருந்தது பதினெட்டு, அதிலும் பின்தண்டுக்கு வந்து சேருவது இன்னும் குறைவு. ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்யும் பெருக்கல். முப்பது வருஷத்துக்கு மேல் பெருக்கல் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவன் அதைச் செய்யவில்லை.

ஆனாலும் அது வெட்டியது. அதுதான் வினை. ஆமை வேகத்தில், என்ஜின் மூச்சுத் திணற, ஆனால் வெட்டியது. பின்னால் திரும்பிப் பார்த்தால் வெளிச்சமாக ஒரு பாதை. அக்காவுக்கு ஆள் விட்டுச் சொன்னேன்: இந்த வருஷம் தேவையில்லை.

வழியில் ஒரே ஒரு தொல்லை. என்ஜினிலிருந்து ஸ்லாஷருக்குப் போகும் தண்டில் ஷியர் போல்ட் என்று ஒன்று இருக்கும். கத்தி எதிலாவது மோதினால் அது அறுந்து, தண்டு சும்மா சுற்றும். எனக்கு அது அடிக்கடி அறுந்தது. ஒவ்வொரு முறையும் இறங்கி, புல்லுக்குள் படுத்து, அறுந்த துண்டைத் தட்டி எடுத்துப் புதியது போட வேண்டும். எரிச்சலில் மாத்தளை டவுனில் ஒரு கராஜுக்குப் போனேன். பழைய மெக்கானிக், எல்லோருக்கும் அவர் நானா. அறுந்த துண்டுகளைக் கையில் கொட்டிக் காட்டி, நல்ல போல்டாக ஒன்று தாருங்கள் என்றேன்.

நானா துண்டுகளைப் புரட்டிப் பார்த்தார். "இது ஒடையத்தானே சேர் போட்டிரிக்கி" என்றார். "எத்தின தரம் ஒடஞ்சிச்சி? எங்க எங்க ஒடஞ்சிச்சி?"

எங்கே என்று எனக்குத் தெரியாது. புல்லுக்குள் எல்லா இடமும் ஒன்றுதான். தலையாட்டிவிட்டு வந்து, பக்கத்து ஹார்ட்வெயாரில் தலையில் 8.8 என்று பொறித்த போல்ட் வாங்கினேன். அறுந்தவற்றில் 4.6 என்று இருந்தது. இந்த எண்களின் அர்த்தம் எனக்குத் தெரியும். எட்டு என்றால் நாலைப் போல இரண்டு மடங்கு தாங்கும். அந்தக் கணக்கை மட்டும் சரியாகச் செய்தேன்.

புது போல்ட் அறுந்து போகவே இல்லை. அன்றைக்குக் காலையிலிருந்து மத்தியானம் வரை ஒரு தடவையும் இறங்காமல் வெட்டினேன். பாட்டுக்கூடப் பாடியிருப்பேன். காணியின் மேற்குப் பக்கம் லேசாகச் சரியும் இடத்தில் திரும்பும்போது ஒரு சத்தம். மோதிய சத்தம்கூட இல்லை, அதற்கடுத்து வந்த சத்தம்: உள்ளே எதுவோ பற்களை மென்று துப்புகிற மாதிரி. என்ஜினை நிறுத்தினேன். நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் இறங்கவில்லை. எண்ணெய் சூடான இரும்பில் சொட்டும் மணம் வந்தது. கியர்பொக்ஸின் வார்ப்பிரும்புக் கூடு குறுக்கே வெடித்திருந்தது.

எதில் மோதினேன் என்று பார்க்கப் புல்லைக் கையால் விலக்கினேன். கல். உருண்டையாகப் பலாப்பழம் அளவில் ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில் ஒன்று. முழங்காலில் ஊர்ந்துகொண்டே விலக்கிக்கொண்டு போனேன். வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தது, சரிவுக்குக் குறுக்கே, கொஞ்சம் வளைந்து. மண் கரைந்து போகாமலிருக்க அடுக்கும் கல்லணை. ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் வடிய இரண்டடி இடைவெளி.

அந்த இடைவெளியில் கை வைத்தபோதுதான் உறைத்தது. அந்த இடைவெளி எனக்குத் தெரியும். ஏழாம் வகுப்பு லீவில் அப்பா கல்லைக் கடப்பாரையால் நெம்பிக் கொடுக்க, சாக்கில் வைத்து இழுத்து வந்து அடுக்கியது நானும் தம்பியும். இடைவெளியை எங்கே விடுவது என்று மழையில் நின்று தண்ணீர் ஓடுவதைப் பார்த்துத் தீர்மானித்தார் அப்பா. அறுந்த ஒவ்வொரு போல்டும் எனக்கு இந்தக் கற்களைத்தான் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நானா கேட்டதும் அதைத்தான்.

அக்காவைப் பார்க்கப் போனேன். வாசலில் ஒரு மாடுதான் கட்டியிருந்தது. மற்றது எங்கே என்று கேட்டுவிட்டேன்.

"குடுத்திட்டேன் சேர். புல்லுக்கு எங்க போறது?"

ஸ்லாஷர் வெட்டிய பாதையில் அவர் வந்து பார்த்திருக்கிறார். நார் நாராகச் சிதறி, மண்ணும் சாணியும் கலந்து கிடந்ததை மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிவிட்டதாம். அதோடு நான் வெட்டியது பூத்து விதை முற்றிய நேரம். ஸ்லாஷர் விதையை மிளகுப் பக்கமெல்லாம் வீசியடித்திருந்தது. அடுத்த மழைக்கு அங்கே புல் எப்படி வந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. போன வருஷம் அவர் சொல்லாமல் கொள்ளாமல் ஊன்றிவிட்டிருந்த இளம் கிளிசீரியாக் கம்புகளும் போயிருந்தன. அதை அவர்தான் சொன்னார், குறையாக இல்லை, தகவலாக.

கல்லைப் பற்றிக் கேட்டேன். "உங்கப்பா வச்ச வரிசதானே. ஏழு வரிசை இருக்கு. மேல ரெண்டுல நடுவுல சரிஞ்சு போச்சு, கல்லு கீழ உருண்டு கெடக்கு" என்றார். "கத்தி பட்டு பட்டுத் தெரியும். நீங்க கேட்டிருந்தா முன்னாடியே நடந்து காட்டியிருப்பேனே."

என்ன பேசுவது என்று தெரியாமல் தேநீரைக் குடித்து முடித்தேன்.

புல்லை என்ன செய்யப்போகிறோம் என்று யோசித்த பிறகு எந்தக் கருவி என்பது பெரிய கேள்வியாக இருக்கவில்லை. தட்டையான கிழக்குப் பக்கத்துக்குப் பழைய பார் மோவர் ஒன்று அகப்பட்டது. பல் பல்லாக நீண்ட இரும்புச் சட்டத்துக்குள் முக்கோணக் கத்திகள் பதித்த பட்டை இடமும் வலமும் ஓடும், கத்தரிக்கோல் வேலை. 1830களில் அமெரிக்காவில் மக்கோர்மிக் முதலானோர் செய்த குதிரை அறுவடை இயந்திரங்களிலும் இதே தத்துவம்தான். புல்லை அடியில் நறுக்கி முழுத்தாளாகச் சாய்த்துவிடும், கட்டாகக் கட்டலாம். ஸ்லாஷருக்கு வேண்டிய பலத்தில் கால்வாசிகூட இதற்கு வேண்டாம். என் பதினெட்டே மிச்சம். கல்லில் பட்டால் பல் போய்விடும் என்பது இதன் குறை. சுத்தியல் போல் பல துண்டுகள் தொங்கும் ஃபிளெய்ல் மோவர் கல்லுக்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்றார்கள். ஆனால் அது பலமும் பணமும் கேட்கும், மாட்டுக்குப் புல்லும் மிஞ்சாது.

அக்கா முன்னால் நடந்து ஒவ்வொரு கல்லுக்கும் கம்பு நட்டு சிவப்புத் துணி கட்டினார். மேற்குச் சரிவில் ட்ரக்டரே வேண்டாம், அங்கே கத்திதான் என்று தீர்மானித்தோம். தீர்மானித்தது அவர். பூக்கும்வரை விடாமல் இளசிலேயே வெட்டுவது என்பதும் அவர் சொன்னதுதான். பழைய கூலிக்கு வர முடியாது என்றார். எவ்வளவு என்று கேட்டு அப்படியே ஒத்துக்கொண்டேன். விற்ற மாடு திரும்பி வரவில்லை, ஒன்றோடு சமாளிக்கிறார்.

ஸ்லாஷருக்கு வேறு கியர்பொக்ஸ் போட்டு, போட்ட காசில் பாதிகூட வராது என்று தெரிந்தே விலை சொன்னேன். கலேவெலப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர். சுற்றிச் சுற்றிப் பார்த்தார், எத்தனை அடி வெட்டும் என்று கேட்டார். உங்கள் ட்ரக்டர் எத்தனை குதிரைவலு என்று கேட்டேன். சின்னதுதான், ஆனால் நல்ல இழுவை என்றார். காணியில் கல் இருக்கிறதா என்று கேட்டேன். புல் மூடியிருக்கிறது, வெட்டினால்தான் தெரியும் என்றார். கூடவே 4.6 போல்ட் ஒரு பை நிறைய இலவசமாகக் கொடுத்து, அறுந்தால் இதையே போடுங்கள், எங்கே அறுந்தது என்று குறித்து வையுங்கள் என்று சொன்னேன்.

தலையாட்டினார். பையிலிருந்து ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"இது ரொம்ப லேசா இருக்கே சேர். பரவால்ல, நான் நல்லதா ஒண்ணு பார்த்துப் போட்டுக்கிறேன்."