சோளக் கதிரில் மழைக் கறுப்பா, கரிப்பூட்டையா? ஒரு மணியை நசுக்கினால் தெரியும்!

திருப்பூரை அடுத்த மங்கலத்தில் பனியன் கம்பெனிகளுக்கும் விசைத்தறிகளுக்கும் நடுவே, சில காடுகளில் இன்னும் சோளம் நிற்கிறது. மாட்டுக்குத் தட்டு, அடுத்த பட்டத்துக்கு விதை. இந்த இரண்டுக்காகவே அங்கே ஒரு பெரியவர் வருஷம் தவறாமல் விதைக்கிறார். விதை, அவருடைய அப்பா காலத்திலிருந்து எடுத்துவைத்து வருவது.

இந்த முறை சில கதிர்களில் மணிகள் நிறம் மாறியிருந்தன.

"மழையில நனைஞ்சு கறுத்துப்போச்சு. எல்லாத்தையும் சேர்த்தே அடிச்சர்லாம்" என்றார்.

கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் பேத்திக்குச் சந்தேகம். "இருங்க அப்பாரு" என்று ஒரு மணியை நகத்தால் நசுக்கினார். மாவு இல்லை. கரித்தூள்தான் விரலில் ஒட்டியது.

மழையில் பூசணம் பிடித்த மணிக்குள் மாவு இருக்கும். கரிப்பூட்டை தாக்கினால் மணியே இருக்காது. அந்த இடத்தில் பூஞ்சை வித்துகள் நிறைந்த சிறு பைதான் இருக்கும். சேர்த்து அடித்திருந்தால் பைகள் உடைந்து, நல்ல விதைகள் மேலெல்லாம் தூள் ஒட்டியிருக்கும். அடுத்த வருஷப் பயிரும் போயிருக்கும்.

சோளத்தில் கரிப்பூட்டை நான்கு வகை:

தானியக் கரிப்பூட்டை: மணிகள் அழுக்கு வெள்ளைப் பைகளாக மாறும். விதையோடு வரும்.

உதிரிக் கரிப்பூட்டை: பைகள் சீக்கிரமே வெடிக்கும், செடி குட்டையாகும். இதுவும் விதையோடு வரும்.

நீளக் கரிப்பூட்டை: ஒன்றிரண்டு மணிகள் மட்டும் நீண்டு வளைந்திருக்கும். காற்றில் வரும்.

தலைக் கரிப்பூட்டை: கதிர் முழுவதும் ஒரே கட்டியாகும். மண்ணிலிருந்து வரும்.

வகை தெரிந்தால்தான் வைத்தியம். விதையோடு வருவதற்கு விதை நேர்த்தி போதும். மண்ணில் இருப்பதற்குப் பயிரை மாற்ற வேண்டும்.

எல்லாக் கரிப்பூட்டையும் கண்ணுக்கு இப்படிப் பிடிபடாது. காட்டு வயலட் செடியில் வரும் அரிய வகையில் இலைக்காம்பு வீங்கி வெடிக்கும். உறுதிசெய்ய மைக்ரோஸ்கோப் வேண்டும். கருத்த வித்துகளைச் சுற்றி வெளிறிய செல்கள் தெரியும். இந்தியாவின் கரிப்பூட்டைப் பூஞ்சைகளை இப்படி வகைபிரித்து முண்ட்கூர், திருமலாச்சார் இருவரும் எழுதிய நூல் 1952-ல் வெளியானது.

மங்கலத்தில் இருந்தது தானியக் கரிப்பூட்டை. நோய்க் கதிர்களைத் தூள் சிந்தாமல் துணிப்பையில் அறுத்துப் போட்டு, பையோடு கொதிநீரில் முக்கினார்கள். நல்ல கதிர்களைத் தனியாக அடித்தார்கள். விதைக்கும் முன் கிலோவுக்கு 4 கிராம் கந்தகத்தூள் கலக்க வேண்டும். கலந்த விதையைச் சமைக்கவோ மாட்டுக்குப் போடவோ கூடாது.

இந்த வருஷம் விதை குறைவுதான். ஆனாலும் அப்பா கொடுத்த விதை கை விட்டுப் போகவில்லை.