தென்னந்தோப்பில் ஒரு எஸ்டீம்

எங்கள் தோட்டத்துச் சாளையில் மூன்று வண்டிகள் நிற்கின்றன. ஒன்று டிராக்டர். இன்னொன்று அப்பா ஓட்டும் டிவிஎஸ் எக்ஸ்எல். மூன்றாவது 2001 மாடல் மாருதி எஸ்டீம். முதல் இரண்டும் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. மூன்றாவதைப் பார்த்ததும், தேங்காய் எடுக்க வருகிற வியாபாரியிலிருந்து கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிற சொந்தக்காரர் வரைக்கும் ஒரே கேள்விதான்.

"ஏனுங் மாப்ளே, இந்தப் பழைய வண்டிய வெச்சுட்டு என்னங் பண்றீங்?"

"சும்மா ஓட்டறதுக்குங்க" என்று சொல்லிவிடுவேன். செட்டிபாளையம் ரேஸ் தடத்தில் ஓட்டுகிறேன் என்று சொன்னால் அடுத்து பத்துக் கேள்வி வரும். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

கோயமுத்தூர்க்காரர்களுக்குக் கார் பைத்தியம் புதுசு இல்லை. மோட்டார் பம்ப்பும் லேத் பட்டறையுமாக வளர்ந்த ஊர். எதையாவது கழற்றிப் பார்க்காமல் கை சும்மா இருக்காது. 1980களின் கடைசியில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்கிற ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கிய கரிவரதன் இந்த ஊர்க்காரர். 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். 2003இல் செட்டிபாளையத்தில் திறந்த ரேஸ் தடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான். ஆக, தேங்காய் விற்ற காசில் ஒருத்தன் எஸ்டீம் வாங்கி அதில் பரிசோதனை செய்வதை இந்த மண்ணின் குணம் என்றுதான் சொல்ல வேண்டும். என் வீட்டம்மணி வேறு மாதிரி சொல்வார். அதை இங்கே எழுத முடியாது.

2013இல் வாங்கினேன். எஸ்டீமை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. எடை குறைவு, 900 கிலோவுக்குள்தான். 1.3 லிட்டர் எஞ்சின், 85 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் அது பெரிய சக்தியே இல்லை. ஆனால் எடை கம்மியான வண்டிக்கு அது தாராளம். ரேலியிலும் ரேஸிலும் பல வருஷம் அடிபட்ட வண்டி என்பதால் அதன் நெளிவு சுளிவு தெரிந்த மெக்கானிக்குகள் கோவையில் இருக்கிறார்கள்.

வாங்கியதும் எல்லாரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்தேன். காசை முழுக்க வேகத்தில் போட்டேன். ஏர் ஃபில்டரை மாற்றினேன். எக்ஸாஸ்ட் குழாயை மாற்றி, சத்தமாக உறுமுகிற சைலன்சர் போட்டேன். வண்டி தாழ்வாக நின்றால் அழகு என்று ஒரு பட்டறையில் நாலு ஸ்பிரிங்கையும் ஒன்றரைச் சுற்று வெட்டினேன். பெரிய அலாய் வீல். மொத்தம் அறுபதாயிரத்துக்கு மேல் போனது. பிரேக்குக்கு? அதுதான் நன்றாகப் பிடிக்கிறதே என்று ஒரு ரூபாய்கூடப் போடவில்லை.

தண்டனை ஊரிலிருந்தே தொடங்கியது. மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு முக்கால் கிலோமீட்டர் இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் மேடு, மழை பெய்தால் மேட்டில் கல் துருத்திக்கொண்டு நிற்கும். முதல் வாரமே ஆயில் சம்ப் கல்லில் இடித்து நசுங்கியது. சைலன்சர் சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்து எருமை மிரண்டு, இரண்டு நேரம் பால் இறக்கவில்லை. அந்தத் தோட்டத்துக்காரர் வந்து, "மாமா, வண்டி உங்களுதுதானுங், நான் ஒண்ணும் சொல்லுல. அந்த ரண்டு நேரத்துப் பாலுக்கு யாருங் காசு குடுக்கறது?" என்று கேட்டார். கொடுத்தேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத ஒன்றுக்கு வருகிறேன்.

செட்டிபாளையம் தடம் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். நம் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு போய், கட்டணம் கட்டி, ஹெல்மெட் போட்டு ஓட்டுகிற நாட்கள் உண்டு. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாலு சுற்று பிரமாதமாகப் போனது. ஐந்தாவது சுற்றில் பிரேக் பெடல் கொஞ்சம் பொதுபொதுவென்று இருந்தது. கவனித்தேன், ஆனாலும் நிறுத்தவில்லை. ஆறாவது சுற்றில் நேர்ப்பாதை முடிந்து வளைவு வருகிறது. வேகம் 120 இருக்கும். பிரேக்கை மிதித்தேன். பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. வண்டி அப்படியே போகிறது.

திரும்பத் திரும்ப மிதித்ததில் ஏதோ கொஞ்சம் பிடித்தது. நாலிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு என்று கியரை இறக்கினேன். வளைவைத் தாண்டி வெளியே மண்ணில் இறங்கி, புழுதிக்குள் எதுவும் தெரியாமல், டயர் அடுக்குக்கு இருபதடி முன்னால் நின்றேன். எனக்கும் ஒன்றும் ஆகவில்லை, வண்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இதில் மோசமான பகுதி அதற்கு அப்புறம் நடந்தது. அரை மணி நேரம் நிழலில் நின்றதும் பெடல் பழையபடி கெட்டியாகிவிட்டது. மிதித்தால் கல்லு மாதிரி நிற்கிறது. "சரியாப் போச்சுங்ணா, நான் அப்படியே ஊட்டுக்கு ஓட்டிட்டுப் போயிடறேன்" என்றேன். கூட வந்திருந்த மெக்கானிக் அண்ணன் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து காட்டினார். தேன் நிறத்தில் இருக்க வேண்டியது காப்பி டிகாக்‌ஷன் மாதிரி இருந்தது.

"தம்பி, இத எப்ப மாத்துனீங்?"

எனக்குத் தெரியவில்லை. வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது, நான் மாற்றவில்லை. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் எப்போது மாற்றினாரோ.

அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். சொந்தக் கார் வைத்திருக்கிற எல்லாருக்கும் இது வேண்டும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் தண்ணீர் கோத்துக்கொள்ளும் அல்லவா? பிரேக் ஆயிலும் அப்படித்தான். காற்றிலிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும். டாட் 4 வகை ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் ஏறின பிறகு அது 155 டிகிரி. டாட் 3 என்றால் 205இலிருந்து 140க்கு இறங்கிவிடும்.

சூடு எங்கிருந்து வருகிறது? ஓட்டுபவரையும் சேர்த்து ஆயிரம் கிலோ வண்டி 120இல் போகிறபோது அதை ஒரே ஒரு தடவை நிறுத்தினால் வருகிற சூடு, ஏறக்குறைய இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். வேகம் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. இதில் பெரும்பகுதி முன்சக்கரத்து இரண்டு டிஸ்க்குகளின் தலையில்தான் விழுகிறது. தடத்தில் ஒரு சுற்றுக்குள்ளேயே பலமுறை இப்படி மிதிக்கிறோம். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் வந்துவிடும். ஆயிலை அழுத்தினால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகும். குமிழை அழுத்தினால் குமிழ்தான் நசுங்கும், பெடல் தரைக்குப் போகும். ஆறியதும் குமிழ் கரைந்துவிடும், பெடல் கெட்டியாகிவிடும். அடுத்த சூட்டுக்குத் திரும்ப வரும்.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு வேறொரு நாள் ஞாபகத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, அம்மா, அப்பா, வீட்டம்மணி, ஆறு வயசு மகள் எல்லாரையும் இதே வண்டியில் கூட்டிக்கொண்டு கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு மலை இறங்கி வந்தேன். கியரில் இறங்காமல் பிரேக்கிலேயே இறங்கினேன். பாதி வழியில் அம்மா, "என்னமோ கருகற வாசம் வருது சாமி" என்றார். "முன்னால போற லாரிங் அம்மா" என்றேன். அது லாரி இல்லை. நான்தான்.

தடத்தில் வெளியே போக மண் இருந்தது, டயர் அடுக்கு இருந்தது, என் தலையில் ஹெல்மெட் இருந்தது. அந்த மலையில் என்ன இருந்தது? அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை.

அதற்கப்புறம் எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றினேன். முதலில் பிரேக். புது ஆயில், சூடு தாங்குகிற பேட், வெடிப்பு விட்டிருந்த ரப்பர் ஹோஸ் நாலும் புதுசு. அடுத்தது டயர். பெரிய அலாயை விற்றுவிட்டுப் பழைய 13 இன்ச் வீலுக்கே நல்ல டயர் வாங்கினேன். வெட்டின ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, உக்கடத்தில் பழைய பாகக் கடை ஏறி இறங்கி ஒரிஜினல் ஸ்பிரிங் பிடித்தேன். ஷாக் அப்சார்பர் புதுசு. ஸ்பிரிங்கை வெட்டினால் வண்டி தாழும், ஆனால் மேலே கீழே போய்வர இடமில்லாமல் மேட்டில் டயர் தரையை விட்டுவிடும். அலைன்மெண்ட் பார்த்தேன். இவ்வளவுக்கும் ஆன செலவு, வேகத்துக்குப் போட்ட காசில் பாதி. எஞ்சினில் கை வைக்காமலேயே தடத்தில் முன்னைவிடச் சீக்கிரமாகச் சுற்றி வந்தேன். தைரியமாகப் பிரேக் பிடிக்க முடிந்தால் தாமதமாகப் பிடிக்கலாம், அவ்வளவுதான் ரகசியம்.

சைலன்சரும் ஒரிஜினலுக்கே போனது. எருமைக்காக மட்டுமில்லை. பதிவுச் சான்றிதழில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோக வேண்டும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், வழக்கமான இன்சூரன்ஸ் பாலிசி ரேஸுக்குப் பொருந்தாது. தடத்தில் முட்டினால் நம் காசுதான்.

அடுத்த முறை தடத்துக்குப் போனபோது அப்பாவும் வந்தார். அவர் வயசுக் காலத்தில் ரேக்ளா ஓட்டினவர். காங்கேயம் காளை இரண்டு வைத்திருந்தார். 200 மீட்டர், 300 மீட்டர் பந்தயம். நான் முழு வேகத்தில் ஆறு சுற்று போய், நேராக உள்ளே வந்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அப்பா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, எருதக்கூட ஓடி முடிச்ச கையோட கட்ட மாட்டமே. நுகத்த எறக்கி, ஒரு பர்லாங்கு மெதுவா நடத்தி, மூச்சு ஆறுன பொறவுதான கட்டுவம்? நீ என்னமோ வந்த வாக்குல நிறுத்தறே?"

மெக்கானிக் அண்ணன் சிரித்தார். "அதத்தானுங் அய்யா நானும் தலபாடா அடிச்சுக்கறேன்."

இப்போது கடைசிச் சுற்று ஒன்றை, பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆற்றுகிறேன். உள்ளே வந்ததும் ஹேண்ட் பிரேக் போடுவதில்லை. சூடான டிரம்மில் பிரேக் ஷூ அழுந்தி நிற்கக் கூடாது. கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வைக்கிறேன்.

போவதற்கு முந்தின நாள் வேலை தனி. எஞ்சின் ஆயில் மேல்கோடு வரைக்கும் இருக்க வேண்டும். வளைவில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கும், குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். கூலண்ட், ஃபேன் பெல்ட், டைமிங் பெல்ட். பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டுத்தான் போவேன். வீல் நட்டைக் கைக்கணக்கில் இல்லாமல் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குவேன். குளிர்ந்த டயரில் காற்று 28 வைத்தால் நாலு சுற்றில் 33 ஆகிவிடும். வீட்டுக்குக் கிளம்பும் முன் ரோட்டுக்கு உள்ள அளவுக்குச் சரி பார்ப்பேன். வீட்டுக்கு வந்ததும் நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்க்காமல், குடும்பத்தோடு அந்த வண்டியை எடுப்பதில்லை. இது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்.

பிரேக் ஆயிலை வருஷம் ஒரு தடவை மாற்றுகிறேன். தடத்துக்குப் போகாதவர்களும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாய் வேலை. மலைக்கு அடிக்கடி போகிறவர்கள் இன்றைக்கே டப்பாவைத் திறந்து நிறத்தைப் பாருங்கள்.

ஏர் எடுக்கிறது தனி ஆளால் ஆகாது. ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும், ஒருத்தர் சக்கரத்தடியில் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். போன வாரம் மகள் உட்கார்ந்தாள். இப்போது அவளுக்குக் கால் நன்றாகவே எட்டுகிறது. நான் கீழே படுத்து, நிப்பிளில் டியூபை மாட்டி, டியூபின் மறுமுனையைப் பாட்டிலில் விட்டிருந்தேன்.

"மிதி கண்ணு... அமுத்திப் புடி."

திறந்தேன். ஆயிலோடு இரண்டு குமிழ் வந்தது.

"அப்பா, உட்டறட்டுங்களா?"

"உட்டறாத! மூடுன பொறவு சொல்றேன். இப்ப உட்டீன்னா காத்து திரும்ப உள்ள ஏறிக்கும்."

மூடினேன். "இப்ப உடு."

நாலு சக்கரத்துக்கும் ஒரு மணி நேரம் ஆனது. ஒரு தடவைகூட அவள் முன்னதாகக் காலை எடுக்கவில்லை.