ஆர்.சி. புத்தகமும் ஓர் அமானிதமே

நம் பழைய அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினை வீட்டு முற்றத்திலேயே இறக்கி, அதே காரின் பிற்கால வகையிலிருந்த 1817 சி.சி. இசுசு எஞ்சினை, அதற்குரிய 5 கியர் பெட்டியோடு பொருத்தினோம். பிஸ்மில்லாஹ் கூறிச் சாவியைத் திருப்பினோம்; எஞ்சின் இயங்கிற்று, அல்ஹம்துலில்லாஹ்.

இனி எஞ்சின் எண்ணை ஆர்.சி. புத்தகத்தில் மாற்ற வேண்டும். "பானெட்டைத் திறந்து யார் பார்க்கப் போகிறார்கள், ஹஜ்ரத்?" என்றார் உதவிக்கு வந்த மெக்கானிக் தம்பி.

முன் ஒப்புதல் ஏற்கெனவே பெற்றிருந்தோம். மாற்றிய 14 நாட்களுக்குள் தெரிவிக்குமாறு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பணிக்கிறது. காப்பீட்டு நிறுவனமும் அறிய வேண்டும். விபத்து நேர்ந்தால், பதிவிலுள்ள முரண்பாடு காயமுற்றவரின் இழப்பீட்டையே சிக்கலாக்கக்கூடும். பிறர் உரிமையில் அலட்சியம் நமக்கு ஆகுமா?

புதிய எண் பதிவான பின்னரே வண்டியைச் சாலையில் இறக்கினோம்.