வாயிலருகே குறையும் வேகம்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை செங்கலடியைக் கடந்து வந்தாறுமூலையை அடைகிறது. 1981ஆம் ஆண்டில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கல்விக்கூடம் இச்சாலையோரத்தில்தான் அமைந்துள்ளது. காலைவேளையில் இவ்வழியே செல்லும் மோட்டார் சைக்கிள்களை எண்ணி முடியாது. வயலுக்குச் செல்வோர், பாற்கலம் கட்டிச் செல்வோர், விரிவுரைக்குப் பிந்திவிட்ட மாணவர் என அனைவரும் விரைகின்றனர். ஆயின் ஒரேயொரு பழைய ஹொண்டா வண்டி மட்டும் பல்கலைக்கழக வாயிலை அணுகியதும் வேகம் குறைந்து, நடப்பவன் வேகத்தில் அதனைக் கடந்து, பின்னரே முன்போல் செல்லும். இயந்திரம் தளர்ந்துவிட்டது என்று மாணவர் சிலர் கருதினர். ஓட்டுபவருக்கு வயதாகிவிட்டது என்றனர் வேறு சிலர். இரண்டும் உண்மையல்ல என்பதை அறிய இளம் விரிவுரையாளர் ஒருவருக்கு ஓராண்டு சென்றது.

அவர் அம்முதியவரை முதன்முதலாகச் சந்தித்தது கச்சான் காற்று புழுதியை வாரியிறைத்த ஓர் ஆடி மாதத்திலாகும். தாம் அண்மையில் வாங்கிய வண்டி நடுவழியில் நின்றுவிட, அவர் வியர்க்க வியர்க்க அதனை உதைத்துக்கொண்டிருந்தார். பழைய ஹொண்டா ஓசையின்றி வந்து அருகில் நின்றது.

“உதைக்காதீங்க சேர். அதுக்கு என்னமோ சொல்ல இருக்கு. என்னெண்டு கேட்டுப் பாப்பம்.”

முதியவர் தாமே திருத்த முற்படவில்லை. பெட்டியிலிருந்து சாவியொன்றை எடுத்து விரிவுரையாளரின் கையிற் கொடுத்து, பிளக்கைக் கழற்றுமாறு கூறினார். கழன்று வந்த பிளக்கின் முனையில் கரி படிந்திருந்தது. அம்முனை இளங்கபில நிறமாயிருப்பின் எரிதல் சீராயுள்ளது என்பது பொருள். உலர்ந்த கரி படிந்திருப்பின் பெற்றோல் மிகுந்து காற்றுக் குறைந்துள்ளது என்பது பொருள். காற்று ஏன் குறைந்தது? வடிகட்டியைத் திறந்தபோது செம்மண் புழுதி அதனை முற்றாக அடைத்திருந்தது. வடிகட்டியைத் தட்டி, பிளக்கைத் துடைத்துப் பூட்டியதும் முதல் உதையிலேயே வண்டி இயங்கியது. விரிவுரையாளர் பணம் நீட்டினார். முதியவர் சிரித்துவிட்டு, “திருத்தினது நீங்கதானே” என்று கூறி விடைபெற்றார்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் விரிவுரையாளர் அவரது வீட்டுக்குச் செல்லலானார். முற்றத்தில் வேப்பமர நிழலில் கிடுகு வேய்ந்த சிறு கொட்டில். அதனுள் அந்த வண்டி. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அதனை வைத்திருப்பவர் அவர். மோட்டார் சைக்கிளை விரும்புவோர் என்றால் வேகத்தை விரும்புவோர் என்றே விரிவுரையாளர் எண்ணியிருந்தார். இம்முதியவரின் விருப்பமோ வேறுவகையானது. ஒவ்வொரு மாலையும் செயினைத் துடைப்பார். ஒயிலின் அளவைப் பார்ப்பார். ஆணிகள் இளகியுள்ளனவா என்று விரலால் தடவிப் பார்ப்பார். 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வண்டிகளின் விலை ஏறியது. நல்ல விலை தருவதாகப் பலர் வந்து கேட்டும் அவர் இசையவில்லை. 2022இல் நாடெங்கும் எரிபொருள் அருகி, பங்கீட்டு முறையின் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமையொன்றுக்கு 4 லீற்றர் பெற்றோலே கிடைத்தது. அதற்கு முந்திய வாரங்களில் அதுவுமில்லை. வண்டி அசையாது நின்ற அந்நாட்களிலும் மாலைப்பணி தவறவில்லை.

“ஓடாத வண்டியை ஏன் துடைப்பான் என்று கேட்கவில்லையா, அயலவர்கள்?” என்றார் விரிவுரையாளர்.

“கேட்டாங்கதான். ஓடுற நேரம் மட்டும் பார்க்கிறதுக்குப் பேர் பயன், சேர். ஓடாத நேரமும் பார்க்கிறதுதான் அக்கறை.”

இவ்வார்த்தை விரிவுரையாளருக்குத் தாம் முன்னர் படித்த அமெரிக்க எழுத்தாளர் ஒருவரை நினைவூட்டிற்று. அவர் றொபேட் பேர்சிக். 1928ஆம் ஆண்டில் மினியாப்பொலிஸ் நகரிற் பிறந்தவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் சிறிது காலம் தத்துவம் பயின்றவர். 1968ஆம் ஆண்டுக் கோடையில், கிறிஸ் என்னும் தம் பதினொரு வயது மகனைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு, 305 சி.சி. ஹொண்டா வண்டியில் மினசோட்டாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை பயணஞ் செய்தார். அப்பயணத்தை அடிப்படையாகக் கொண்டு, சென் பௌத்தத்தையும் மோட்டார் சைக்கிள் பராமரிப்பையும் தலைப்பிலேயே இணைத்து அவர் எழுதிய நூலை 121 பதிப்பகங்கள் மறுத்தன. 1974இல் வெளிவந்தபின் அதனை இலட்சக்கணக்கானோர் விரும்பிப் படித்தனர். முதியவர் ஆர்வத்துடன் கேட்டார்.

பயணத்தில் உடன்வந்த நண்பரின் விலையுயர்ந்த ஜேர்மன் வண்டியில் கைபிடி இளகியதையும், பியர்ப் பேணியின் தகரத்தில் ஒரு துண்டை வெட்டி இடையிற் செருகலாம் என்று பேர்சிக் கூறியபோது நண்பர் முகஞ் சுளித்ததையும் விரிவுரையாளர் கூறியதும் முதியவர் உரக்கச் சிரித்தார். உதிரிப்பாகங்கள் எளிதிற் கிட்டாத போர்க்காலத்தில், அவரும் பால்மாப் பேணியின் தகரத்தை அவ்வாறே வெட்டிச் செருகி ஓடியவர். “தகரத்துக்குச் சாதி இல்ல சேர். பொருந்துதா எண்டதுதான் கதை” என்றார்.

பேர்சிக் ஒருகாலத்தில் மொன்ரானாவில் எழுத்துக்கலை கற்பித்த ஆசிரியர். மாணவருக்குப் புள்ளி வழங்குவதை அங்கே சிறிது காலம் நிறுத்திப் பார்த்தவர். எது நல்ல எழுத்து என்பதை மாணவன் தானே உணர்தல் வேண்டும். புள்ளிக்காக எழுதுபவன் ஆசிரியரின் முகத்தைப் பார்க்கிறானேயன்றித் தன் எழுத்தைப் பார்ப்பதில்லை என்பது அவர் எண்ணம். விரிவுரையாளரின் மேசையில் அன்று திருத்தப்படாத விடைத்தாள்கள் குவிந்து கிடந்தன. ஆகையால் இதனை அவர் சற்றுத் தயங்கியே கூறினார்.

முதியவர் நெடுநேரம் யோசித்தார். “வண்டியும் புள்ளி போடுந்தான் தம்பி. ஆனா முகத்தைப் பார்த்துப் போடாது. ஆணியைச் சரியா இறுக்கினா ஓடும், இறுக்காட்டி நிக்கும். அதை ஏமாத்த ஏலா.”

‘சேர்’ ‘தம்பி’யாக மாறியது அன்றுதான். அதனை இருவரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சிறிது நேரங் கழித்து முதியவர் கேட்டார்: “பின்னால இருந்து போன அந்தப் பொடியன் மறுகா என்ன ஆனான்?”

நூலின் தத்துவத்தைப் பலரிடம் விளக்கியிருந்த விரிவுரையாளரிடம் இவ்வினாவை அதுவரை எவரும் எழுப்பியதில்லை. 1979ஆம் ஆண்டில், இருபத்து மூன்று வயது நிறைவதற்குச் சில நாட்களே இருக்கையில், சான் பிரான்சிஸ்கோ நகரில் கிறிஸ் வழிப்பறியின்போது கொல்லப்பட்டதை அவர் மெல்லக் கூறினார். தந்தை 2017ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார். அவர்கள் சென்ற வண்டி அமெரிக்காவின் தேசிய அருங்காட்சியகம் ஒன்றிற் பாதுகாக்கப்படுகிறது.

முதியவர் கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். மீண்டும் விரித்து மடித்தார். பின்னர்தான் அவர் அந்த வாயிலைப் பற்றிப் பேசினார்.

1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபோது, சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் பல்கலைக்கழக வளாகத்துள் தஞ்சம் புகுந்திருந்தனர். அவ்வாண்டு செப்ரெம்பர் 5ஆம் நாள் அவர்களுள் 158 பேரைப் படையினர் அழைத்துச் சென்றனர். சென்றவர்கள் திரும்பவில்லை. ஆண்டுதோறும் அந்நாளில் உறவினர் கூடி அவர்களை நினைவுகூருகின்றனர்.

“எல்லாரும் அந்த வாசலை வேகமாத்தான் கடக்கிறாங்க. அவங்கட அலுவல் அவங்களுக்கு. எனக்குக் கை தானாக் குறைக்குது தம்பி. வேகமாப் போனா அவங்களையும் விட்டுட்டுப் போற மாதிரி இருக்கு.”

அந்த 158 பேருள் அவருக்கு உற்றவர் எவரேனும் இருந்தனரா என்று விரிவுரையாளர் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று அவருக்குத் தோன்றியது. இயங்காத வண்டியை நாள்தோறும் துடைத்த கைக்கும், வாயிலருகே வேகத்தைக் குறைக்கும் கைக்கும் வேறுபாடு இல்லை. பயன் கருதாது ஒன்றைக் கவனித்துக்கொண்டிருத்தல் என்பதே அவ்விரண்டுமாகும். கையில் இல்லாததையும் கைவிடாதிருத்தல் அக்கவனத்தின் இறுதிப் படி போலும்.

அன்றிரவு விரிவுரையாளர் விடைத்தாள்களைத் திருத்த அமர்ந்தார். புள்ளி வழங்குவதை அவரால் நிறுத்த இயலாது; பரீட்சை விதிகள் அதற்கு இடந்தருவதில்லை. ஆயின் ஒவ்வொரு விடையையும், கரி படிந்த பிளக்கைப் பார்ப்பதுபோல், இம்மாணவன் எங்கே மூச்சுத் திணறுகிறான் என்று தேடிப் படித்தார். பத்துத் தாள்களை முடிப்பதற்குள் நள்ளிரவு கடந்துவிட்டது.

மறுநாட்காலை அவர் விரிவுரைக்குப் பிந்தியே புறப்பட்டார். வாயில் தென்பட்டதும் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த மாணவன் ஒருவன் பொறுமையிழந்து ஹோர்ன் அடித்தான். அவரை முந்திக்கொண்டு உள்ளே சென்றான். விரிவுரையாளர் மெதுவாகவே சென்றார்.