ஆவடி லோக்கலில் ஒரு ஃபைல்

"மாமா, இன்டர்வியூவுக்குத் துணைக்கு வர்றீங்களா?" என்றாள் அக்கா பெண். ரிட்டயரான ஆசாமிக்கு இதைவிட என்ன வேலை? கிளம்பிவிட்டேன்.

எம்.எஸ்ஸி. புள்ளியியல். 'நெட்' பாஸ். ஜே.ஆர்.எஃப். மட்டும் கொஞ்சத்தில் நழுவிவிட்டது. கிடைத்திருந்தால் மாதம் 37 ஆயிரம் உதவித்தொகையோடு (2023 முதல் இந்தத் தொகை) பிஎச்.டி. பண்ணியிருப்பாள்.

சென்ட்ரலில் ஆவடி லோக்கல் பிடித்தோம். முன்பெல்லாம் இதில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் ஆவடி டாங்க் ஃபாக்டரிக்கும் போகிற டிபன் பாக்ஸ்காரர்கள்தான் நெருக்குவார்கள். இப்போது பாதிப்பேர் கையில் ஃபைல்! இந்தப் பக்கம் அத்தனை கல்லூரிகள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள்.

ஆவடி என்றால் எனக்கு 1955 காங்கிரஸ் மாநாடு. அவளுக்கோ அர்ஜுன் டாங்கை வடிவமைத்த ஆராய்ச்சிக்கூடம். "அங்கேயும் ஆராய்ச்சிக்கு ஆள் எடுப்பாங்க மாமா. ஆனா பெரும்பாலும் இன்ஜினீயருங்களைத்தான்" என்றாள்.

ஆவடியிலிருந்து பஸ்ஸில் பூந்தமல்லி பக்கம் ஒரு கல்லூரி. (பெயர் வேண்டாம், எதற்கு வம்பு!) உதவிப் பேராசிரியர் வேலை. கேள்விகளுக்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொன்னாளாம். அரசுக் கல்லூரியில் ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 57,700 ரூபாய். இங்கே அதில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கும் தலையாட்டியிருக்கிறாள். கடைசியில்தான் குண்டு:

"ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் ஆபீஸ்ல கொடுத்துடுங்க. வேலையை விடறப்ப வாங்கிக்கலாம்."

அடகுக் கடையில்கூட பொருளை வாங்கினால் பணமும் ரசீதும் தருவார்கள் சார்!

"யோசிச்சுச் சொல்றேன்" என்று வெளியே வந்துவிட்டாள். டீக்கடையில் அவள் டீ ஆறிக்கொண்டிருந்தது. "அப்பாவுக்கு இப்ப வேலை இல்லே மாமா. வாடகை கொடுக்கணும். வேண்டாம்னு சொல்ல தைரியம் வரலே."

வியாழக்கிழமை மறுபடி லோக்கல். அம்பத்தூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் அயப்பாக்கம். தேசிய தொற்றுநோயியல் நிறுவனம். ஆவடியில் இருந்த தொழுநோய் ஆராய்ச்சிக் களப்பிரிவையும், சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் நிறுவனத்தையும் இணைத்து 1999-ல் உருவாக்கியது. நோய் எங்கே, யாருக்கு, எவ்வளவு பரவுகிறது என்று கணக்குப் போடுகிற இடம். புள்ளியியல் படித்த பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் ஏது?

இங்கே சம்பளம் எவ்வளவு என்று அறிவிப்பிலேயே போட்டிருந்தது. சர்டிபிகேட்டுகளைப் பார்த்தார்கள், சரிபார்த்தார்கள், கையோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "புராஜெக்ட் முடிஞ்சா வேலையும் முடிஞ்சிடும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்களாம். நிரந்தரம் என்ற பேச்சே கிடையாது.

திரும்பும்போது கொரட்டூர் அருகே போன். அந்தக் கல்லூரி!

"திங்கக்கிழமை சேர்றீங்களாம்மா?"

என் முகத்தைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். இதில் மாமா மூக்கை நுழைக்கக் கூடாது.

"சேர்றேன் சார். ஆனா ஒரிஜினல்ஸ் என்கிட்டதான் இருக்கும்."

"பார்த்துச் சொல்றோம்" என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் போலிருக்கிறது.

பத்து நாள் கழித்து அயப்பாக்கத்திலிருந்து தகவல் வந்தது. ஒரு வருஷ வேலை.

"ஒரே வருஷம்தானாடா?" என்று அக்கா உதட்டைப் பிதுக்கினாள்.

"அடுத்த வருஷம் வேறே வேலை தேடலாம்க்கா. அதுக்கு வேண்டிய ஃபைல் நம்ம பீரோவிலேயே இருக்கே!" என்றேன்.