ஒழுகாத கூரை

எங்களுக்கு இரண்டு கூரைகள். ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூரில், மற்றொன்று ராஜபாளையத்தை ஒட்டிய ஊராட்சியில். இரண்டுக்கும் இடையே பேருந்தில் அரை மணி நேரத் தொலைவு. முதல் வீட்டில் எங்களில் ஒருவரைப் பெற்ற தாய் இருக்கிறார். இரண்டாம் வீட்டில் மற்றவரைப் பெற்ற தந்தை. இருவரும் எண்பதைத் தொட்டவர்கள். தத்தம் கூரையை விட்டு எங்கள் வாடகை வீட்டுக்கு வர இருவருமே மறுத்துவிட்டவர்கள்.

புரட்டாசி பிறந்தால் எங்களுக்கு ஒரே கவலைதான். இந்த ஆண்டு எந்தக் கூரைக்குப் பணம் ஒதுக்குவது? இரண்டையும் ஒருசேரப் பார்க்கும் வசதி எங்களுக்கு என்றுமே இருந்ததில்லை. யோசனை கேட்டவர்கள் யாவரும் ஒரே விடை கூறினர். ஒழுகுவது ஸ்ரீவில்லிபுத்தூர், அதை இடித்துவிட்டுக் கான்கிரீட் போடுங்கள். ராஜபாளையத்துக் கூரையில் ஒரு சொட்டும் இறங்குவதில்லை, அதைத் தொடாதீர்கள். நாங்களும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டின் கூரை, கொத்தனார்கள் மெட்ராஸ் டெரஸ் என்றும் வீட்டார் மட்டப்பா என்றும் வழங்கும் வகையைச் சார்ந்தது. சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகள். அவற்றின்மேல் அச்சுக்கல் எனப்படும் சிறு செங்கற்களைச் சாய்வாகக் குத்தி நிறுத்திய அடுக்கு. அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்களாம். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. அம்மா மணமாகி வந்தபோதே அந்தக் கூரை பழையதாகத்தான் இருந்ததாம். மொட்டை மாடியில் நின்றால், அரசு முத்திரையில் இடம்பெற்ற அந்தக் கோபுரம் தெரியும். கோடை இரவுகளில் பேரப்பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கேதான் பாய் விரித்துப் படுப்பார்கள்.

அந்தக் கூரைக்கு நாங்கள் செய்த வைத்தியத்தையும் சொல்லிவிடுவதே நேர்மை. முதன்முதலாக ஒழுகியபோது சுண்ணாம்பு வேலை அறிந்த ஆள் அகப்படவில்லை. தட்டோட்டின்மேல் ஒரு பூச்சு சிமெண்டு போட்டோம். இரண்டு ஆண்டுகள் தாங்கியது, பிறகு வெடித்தது. வெடிப்பின்மேல் இன்னொரு பூச்சு. சில ஆண்டுகள் கழித்து மீண்டும் ஒன்று. சுண்ணாம்புத் தளம் நீரை வாங்கினாலும் வெயிலில் அதை வெளியே விட்டுவிடும். அதன் முதுகில் சிமெண்டை ஏற்றியபின், வெடிப்பின் வழியே புகுந்த நீருக்கு வெளியேற வழியில்லாமல் போயிற்று. ஒவ்வொரு முறையும் செலவு சிறிதாகவே இருந்தது. ஆகவே ஒவ்வொரு முறையும் அதுவே சரியான முடிவாகத் தோன்றியது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் பக்கத்தில் பெய்தது அதற்கு ஈடாகாது. எனினும் மறுநாள் விடியற்காலையில், அம்மாவின் கட்டிலின்மேல் ஒரு முழ அகலத்துக்குக் காறை பெயர்ந்து விழுந்தது. அம்மா அப்போதுதான் எழுந்து அடுப்படிக்குப் போயிருந்தார். தலையணையின் நடுவே இரண்டு செங்கல் துண்டுகள் கிடந்தன. அம்மா அவற்றை எடுத்து முற்றத்தில் வைத்துவிட்டு, காபி போட்டுக் குடித்துவிட்டு, அதன் பிறகே எங்களுக்குத் தொலைபேசியில் சொன்னார்.

இடித்துவிடுவது என்று அன்றே தீர்மானித்தோம். இடிப்பதற்கு ஆள் பேசப் போன இடத்தில்தான், வயது முதிர்ந்த பொறியாளர் ஒருவர், இடிக்கும் முன் ஓர் ஆசாரியை அழைத்துக் கட்டைகளைப் பார்த்துவிடுமாறு சொன்னார். கூரையின் ஆயுள் மேலே இல்லை, கட்டை சுவருக்குள் புகும் அந்த ஒரு சாண் நீளத்தில்தான் இருக்கிறது என்பது அவர் கருத்து. நீர் இறங்குவதும் கரையான் ஏறுவதும் அங்கேதான்; அறையில் நின்று அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்கு அந்த இடம் தெரிவதே இல்லை.

ஆசாரி தமரூசியோடு வந்தார். பதினொரு கட்டைகள்; ஒவ்வொன்றிலும் சுவரை ஒட்டி இரண்டு முனைகளிலும் சிறு துளையிட்டார். வெளிவரும் தூளை உள்ளங்கையில் ஏந்தி எங்களிடம் காட்டுவார். ஒன்பது கட்டைகளில், பொன்னிறமாய்ச் சுருண்ட சீவல் வந்தது. தேக்கின் மணம்கூட மாறவில்லை. மாடித் தண்ணீர் இறங்கும் தூம்பின் பக்கம் இருந்த இரண்டில் மட்டும் கறுத்த மாவு கொட்டியது. தமரூசி தயிருக்குள் இறங்குவதுபோல் இறங்கியது.

அதன் பிறகு பொறியாளர் ஒரு தாளில் கணக்கிட்டார். ஓர் அங்குலக் கனத்துக்குச் சிமெண்டுப் பூச்சு, சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோ. நாங்கள் மூன்று தடவையாக ஏற்றியது இரண்டு அங்குலம். அறை 20 அடிக்கு 15 அடி. ஆக, ஒழுக்குக்கு நாங்கள் இட்ட மருந்தின் எடை மட்டும் 3 டன். அத்தனையையும் அந்த இரண்டு செத்த கட்டைகளுடன் சேர்ந்து மற்றவை சுமந்துகொண்டிருந்தன. அதன் கீழேதான் அம்மா உறங்கிக்கொண்டிருந்தார். அந்தத் தாளை எங்களால் வெகுநேரம் பார்க்க முடியவில்லை.

கூரையை இடிக்கவில்லை. 2024 தை மாதத்தில் சிமெண்டை முழுதும் பெயர்த்து இறக்கினோம். இரண்டு கட்டைகளை மாற்றி, தூம்பைச் சுவருக்கு வெளியே தள்ளி வைத்து, சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்துத் தளத்தைச் சீர்செய்து, புதுத் தட்டோடு பாவினோம். கான்கிரீட்டுக்குச் சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை. கான்கிரீட்டை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. சிமெண்டினால் பெயர் பெற்ற வட்டாரத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வதும் பொருந்தாது. ஆனால் கம்பிக்கு அடியில் போதிய பூச்சு விடாமல், பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தாமல் அவசரமாகப் போட்ட கான்கிரீட், முப்பது ஆண்டுகளில் கம்பி துருத்தி நிற்பதை அதே தெருவில் பார்த்திருக்கிறோம். துருவேறிய கம்பி பருத்து, தன்னை மூடிய கான்கிரீட்டையே உடைத்துத் தள்ளிவிடுகிறது.

மிஞ்சிய பணம் எங்களை ராஜபாளையத்தின் பக்கம் திரும்பச் செய்தது.

ஒழுகாத அந்தக் கூரையின் கதை வேறு. அப்பா ஒரு நூற்பாலையில் கார்டிங் பகுதியில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் தங்கிய இருமல் அவருக்கு உண்டு. மருத்துவர்கள் அதற்குப் பைசினோசிஸ் என்று பெயர் சொல்வார்கள். 1983 வரை அந்த வீடு தென்னங்கிடுகு வேய்ந்தது. இரண்டு முறை பக்கத்துக் குடிசைகளில் தீப்பிடித்தபோது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அம்பலத்துத் திண்ணையில் போய்ப் படுத்தார்களாம். 1983இல் கடன் வாங்கிப் பதினாறு ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள் ஏற்றினார். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று கீற்றுக் கூரை பற்றி 94 குழந்தைகள் மாண்ட செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, அவர் பேசாமல் அண்ணாந்து தம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அந்தக் கூரையைத்தான் மாற்ற வேண்டும் என்றோம்.

ஆஸ்பெஸ்டாஸ் தகட்டில் பெரும்பங்கு சிமெண்டுதான். கல்நார் சிறு பங்கே. தகடு முழுதாக இருக்கும்வரை சிமெண்டு அந்த நாரைப் பிடித்து வைத்திருக்கும். வெயிலும் மழையும் பல்லாண்டு தின்றபின் மேற்பரப்பு பொரிந்து நார் வெளிப்படுகிறது. அறுத்தாலும் துளைத்தாலும் உடைத்தாலும் தேய்த்தாலும் கண்ணுக்குத் தெரியாத இழைகளாய்க் காற்றில் எழுகிறது. மூச்சில் புகுந்த இழை நுரையீரலை விட்டு எளிதில் வெளியேறுவதில்லை. நோய் தலைகாட்டுவதற்கே இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட ஆகலாம். கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்குபவை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் விலக்கிவிட்டது. அமெரிக்கா 2024 மார்ச்சில் வெள்ளைக் கல்நாருக்குத் தடை ஆணை பிறப்பித்தது. நம் நாட்டில் உச்ச நீதிமன்றம் 1995இல் கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பாதுகாப்புக்கு விரிவான தீர்ப்பு அளித்தது. தகடு விற்பனைக்கு மட்டும் தடை இல்லை.

அப்பாவோ, ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன் ஏணி வைத்து ஏறி, பாசி படியாமலிருக்கக் கம்பிப் பிரஷ்ஷால் அந்தத் தகடுகளைத் தேய்த்துக் கழுவி வந்தார். நாற்பது ஆண்டுகள். அவர் எவ்வளவு கருத்தானவர் என்று நாங்களே பெருமையாகப் பேசியிருக்கிறோம்.

இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னோம். "தாயி, இந்தத் தகடு ஏறின அன்னைக்குத்தான் உங்க அம்மா நிம்மதியாத் தூங்கினா" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. இருமல் பஞ்சால் வந்ததா, தகட்டால் வந்ததா என்று எங்களால் கூற இயலாது. எந்த மருத்துவரும் கூறவில்லை. நிச்சயமில்லாத ஒன்றைக் காட்டி, ஒரு மனிதர் தம் வாழ்நாளில் செய்ததிலேயே சிறந்த செயலாகக் கருதுவதைக் கழற்றிப்போடச் சொல்ல எங்களுக்கு என்ன உரிமை? அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

அவ்வாண்டு சித்திரைக் காற்றில் கொல்லைச் சப்பட்டை மாமரத்தின் கிளை ஒன்று முறிந்து விழுந்து, தகடு ஒன்று நொறுங்கியது. அப்பா துடைப்பத்தை எடுத்து அந்தத் தூளைப் பெருக்கி அள்ளியிருக்கிறார். அன்றிரவு முழுதும் இருமல். காலையில் அவரே அழைத்தார். "மாப்பிள்ளை, மழைக்கு முன்னாடி செஞ்சிருங்க. ஆனா மிச்சத்துல ஒரு தகடுகூட உடையக் கூடாது" என்றார்.

உடைக்காமல் இறக்குவதுதான் பாதுகாப்பான முறையும். நன்றாக இருக்கும்போதே கழற்றினால் ஆபத்து குறைவு; இற்றுப்போகும்வரை காத்திருந்தால், கழற்றுவதே பெரும் தீங்காகிவிடும். அப்பாவின் நிபந்தனை எங்கள் எண்ணத்தோடு ஒத்துப்போனதில் மகிழ்ந்து, காரணத்தை நாங்கள் கேட்கவில்லை. தகடுகளை நனைத்து, துருவேறிய ஜே போல்டுகளைக் கைரம்பத்தால் அறுத்து, முகமூடி அணிந்த நான்கு ஆட்கள் ஒவ்வொன்றாய்க் கயிற்றில் இறக்கினர்.

கான்கிரீட்டை அந்தச் சுவர்கள் தாங்கா; மண்சாந்து வைத்துக் கட்டியவை. ஐந்து அங்குலக் கான்கிரீட் சதுர அடிக்கு 30 கிலோ வரும். இறக்கிய தகடு ஒன்றரை கிலோதான். மங்களூர் ஓட்டை ஆசையோடு நினைத்தோம். மலையடிவாரக் குரங்குகள் ஒரே வாரத்தில் பிரித்துவிடும் என்றனர். முடிவில் சதுர அடிக்கு அரை கிலோ எடையுள்ள வெள்ளை நிற இரும்புத் தகடு. அடியில் வெப்பம் தடுக்கும் படலம். ஆடிக் காற்று தூக்காமலிருக்கச் சட்டத்தைச் சுவரோடு பிணைத்தோம். மழை பெய்தால் பறை அடிப்பதுபோல் சத்தம் கேட்கிறது என்று அப்பா குறைப்படுகிறார். உண்மைதான்.

உடையக் கூடாது என்றதன் காரணம் வேலை முடிந்த அன்று தெரிந்தது. பின்தெருவில் பேண்டேஜ் துணி மடித்துக் கூலி வாங்கும் ஒரு பெண், இரண்டு பிள்ளைகளோடு கிடுகுக் குடிசையில் இருக்கிறார். பழைய தகடுகளை அவருக்குத் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 2024 முதல் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் அளிக்கின்றனர். அவர் இருக்கும் மனைக்குப் பட்டா இல்லை.

தர இயலாது என்று விளக்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டார். "உங்க அப்பா நாப்பது வருசம் இருந்தாரே மதினி" என்றார். எங்கள் தந்தைக்கு ஆகாதென்று இறக்கியதை அவர் பிள்ளைகளின் தலைக்கு மேல் எப்படி ஏற்றுவது? ஏற்றாவிட்டால் அவர்கள் தலைக்கு மேல் இருப்பது கிடுகு, உள்ளே விறகடுப்பு. புதுத் தகடு வாங்க எங்களால் இயன்றதைத் தருவதாகச் சொன்னோம். அது பாதிக்குத்தான் போதுமானது. "பாதிக் கூரையை வச்சு என்ன மதினி செய்ய?" என்று கேட்டார்.

அப்பா எங்களிடம் மூன்று நாள் பேசவில்லை.

பதினைந்து தகடுகளும், நொறுங்கிய ஒன்றின் துண்டுகளும் கனத்த பாலிதீனில் சுற்றப்பட்டுக் கொல்லையில் மாமரத்தடியில் இருக்கின்றன. முறைப்படி அப்புறப்படுத்த, கேட்ட இடங்களில் எங்களுக்கு வழி கிடைக்கவில்லை. நாங்கள் ராஜபாளையம் போகும்போதெல்லாம் அந்தப் பெண் வேலி ஓரம் வந்து நிற்கிறார். அப்பாவின் உடல்நலம் விசாரிக்கிறார். சென்ற வாரம் போனபோது, "ஐப்பசிக்கு முன்னாடி ஒரு முடிவு சொல்லிருங்க மதினி" என்று சொல்லிவிட்டு, தலைச்சுமைத் துணியைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.