சிலாபத்தில் ஓரிரவு

பூங்கா என்றதும் பேராதனையையே நினைக்கும் நாம், இவ்விடுமுறையில் மாணவருடன் சிலாபத்தில் ஓரிரவு தங்கத் திட்டமிட்டுள்ளோம். கொழும்புக் கோட்டையிற் புகையிரதமேறினாற் சிலாபம் சேரலாம். மாலையில் முன்னேஸ்வர தரிசனம். மறுநாட் காலை, வெயிலேறுமுன், பம்பல என்னும் ஊருக்குப் புறப்படுவோம். 2016 இல் அங்கே திறக்கப்பட்ட கண்டற்காட்டு அருங்காட்சியகம், உலகில் இவ்வகையில் முதலாவது எனப்படுவது. திறக்கும் நேரத்தை முன்னரே விசாரித்துக்கொள்ளல் நன்று.

தாய்மரத்திலே தொங்கும்போதே முளைவிடும் விதைகளும், சேற்றின் மேலெழுந்து மூச்சுவிடும் வேர்களும் கண்டலின் விந்தைகள். ஆனால், 1980 களிலிருந்து இறாற் பண்ணைகளுக்காக இக்கரையோரக் கண்டல்கள் பெருமளவில் அழிக்கப்பட்டன. 1996 இல் வெண்புள்ளி நோய் பரவவே, பல பண்ணைகளும் பாழாயின. மீன்குஞ்சுகளுக்குத் தொட்டிலான காடோ மீளவில்லை.

பேராதனையில் மலரின் அழகைக் கண்ட பிள்ளைகள், இங்கே மரமிழந்த களப்பின் துயரையும் கண்டறிவாராக.